மாற்றப்படும்னா எப்பங்க மாற்றப்படும்?

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா மனசுக்குள்ள உறுத்திக்கிட்டு இருக்கற ஒரு விஷயத்தை இறக்கி வச்சிடலாம்னு உட்கார்ந்துட்டேன். பொட்டி தட்டற மக்களுக்கு மூணாவது பாராவுலயே விஷயம் புரிஞ்சிடும். மத்தவங்க பயப்படாம கூடவே வாங்க. நடுவுல ஒரு டைப்ரைட்டரும் ஒரு சைடு ஸ்டாண்டும் வருது, எப்படியும் பிடிச்சுக்கலாம்.

விஷயம் கிட் பத்தி. 2005-ல லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பிச்ச மென்பொருள். பத்து பேர் சேர்ந்து ஒரே ப்ரோக்ராமை ஆளுக்கொரு பக்கமா மாத்திக்கிட்டு இருக்கும்போது, யாரு எதை எப்ப மாத்தினாங்கன்னு கணக்கு வச்சுக்கற கணக்கப்பிள்ளை. கணக்கு ஒரு நாளும் தப்பாது, அதுல நான் குறையே சொல்ல மாட்டேன். வாயைத் திறந்து பேச ஆரம்பிச்சார்னாதான் வில்லங்கம்.

விண்டோஸ்ல கிட் வச்சிருக்கறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருப்பீங்க. "வார்னிங்: எல்எஃப் வில் பி ரீப்ளேஸ்ட் பை சிஆர்எல்எஃப்." அதுக்குக் கீழ இன்னொரு வரி: "தி ஃபைல் வில் ஹேவ் இட்ஸ் ஒரிஜினல் லைன் எண்டிங்ஸ் இன் யுவர் வொர்க்கிங் டைரக்டரி."

அதாவது, எல்எஃப் எல்லாம் சிஆர்எல்எஃப்-ஆக மாற்றப்படும். ஆனா உங்க கையில இருக்கற ஃபைல்ல பழைய வரிமுடிவே இருக்கும். மாறும், ஆனா மாறாது. எப்படி இருக்கு கதை?

எல்எஃப், சிஆர் என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். எங்க அத்தை கல்யாணத்துக்கு முன்னாடி டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவங்க. இன்ஸ்டிடியூட் மெஷின்ல ஒரு வரி முடியப்போறப்ப டிங்னு மணி அடிக்கும், உடனே இடது பக்கம் இருக்கற லீவரைப் பிடிச்சுத் தள்ளணும்னு சொல்வாங்க. அந்த ஒரு தள்ளுல ரெண்டு வேலை நடக்கும். தாள் ஒரு வரி மேல ஏறும், கேரேஜ் திரும்பவும் வரி ஆரம்பத்துக்கு வந்து நிக்கும். பின்னாடி வந்த டெலிபிரிண்டர்ல இந்த ரெண்டு வேலைக்கும் தனித்தனி சங்கேதம். அச்சுத்தலையை ஓரத்துக்குக் கொண்டு வர்றது கேரேஜ் ரிடர்ன், ஆஸ்கி கணக்குல 13. தாளை ஒரு வரி ஏத்தறது லைன் ஃபீட், அது 10.

கம்ப்யூட்டர் வந்தப்புறம் தாளும் இல்லை, கேரேஜும் இல்லை. ஆனா வரி முடிஞ்சதுன்னு குறிக்க ஏதாவது வேணுமே? யூனிக்ஸ்காரங்க 10 மட்டும் போதும்னு முடிவு பண்ணினாங்க. சிபி/எம் வழியா வந்த டாஸ், அதுக்கப்புறம் விண்டோஸ், ரெண்டையும் விடாம 13, 10-ன்னு ஜோடியா வச்சுக்கிச்சு. பழைய மேக் 13 மட்டும் போதும்னு ஒரு தனி ரூட்ல போயிட்டு, மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தப்ப யூனிக்ஸ் பக்கம் சேர்ந்துக்கிச்சு. விண்டோஸ் நோட்பேடுக்கு வெறும் 10 போட்ட ஃபைலை ஒழுங்கா வரி வரியா காட்டவே 2018 வரைக்கும் ஆச்சு. கண்ணுக்கே தெரியாத ஒரு எழுத்துக்கு இவ்வளவு பங்காளிச் சண்டை.

நடுவுல மாட்டிக்கிட்ட கிட் ஒரு சமாதானம் பண்ணி வச்சிருக்கு. பொதுக் கிடங்குல எல்லாம் எல்எஃப்-ஆக இருக்கட்டும், விண்டோஸ்காரன் எடுத்துப் பார்க்கறப்ப சிஆர்எல்எஃப்-ஆக மாத்திக் கொடுக்கறேன், திரும்ப உள்ள வைக்கறப்ப எல்எஃப்-ஆக மாத்திக்கறேன். இதுக்கு ஆட்டோசிஆர்எல்எஃப்னு ஒரு அமைப்பு. விண்டோஸ்ல கிட் நிறுவும்போது கண்ணை மூடிக்கிட்டு நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டினா இதுதான் 'ட்ரூ'ன்னு உட்காரும். எல்லாரும் அப்படித்தானே தட்டறோம்.

இப்ப கதைக்கு வர்றேன். 2023 கடைசி. எங்க டீம்ல ஒரு பொண்ணு புதுசா சேர்ந்து மூணு வாரம். அரியலூர் பக்கம் ஒரு கிராமம், பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில தமிழ் மீடியம், அப்புறம் இன்ஜினியரிங். கெட்டிக்காரப் பொண்ணு. எது சொன்னாலும் நோட்டுல எழுதி வச்சுக்கும். நான் என் முதல் வேலையில முதல் மாசம் எழுதினதெல்லாம் மெஸ் கணக்கு மட்டும்தான்.

அந்தப் பொண்ணுகிட்ட, ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்கள் எல்லாத்தையும் ப்ரெட்டியர் போட்டுச் சீராக்கிடும்மான்னு சொல்லியிருந்தோம். ப்ரெட்டியர்னா இடைவெளி, அடைப்புக்குறி எல்லாத்தையும் ஒரே மாதிரி அடுக்கி வைக்கற கருவி. 2020-ல வந்த 2.0 பதிப்புல இருந்து அது வேற ஒண்ணும் சொல்லலைன்னா எல்லா வரியையும் எல்எஃப்-ல முடிச்சு வச்சிடும். 40 ஃபைல் சீராச்சு. 'கிட் ஆட்' அடிச்சா, ஃபைலுக்கு ரெண்டு வரி வீதம் 80 வரி வார்னிங். (கமாண்டை எல்லாம் தமிழ்லயே எழுதறேன், நீங்க ஆங்கிலத்துல அடிச்சுக்கங்க.)

இந்த இடத்துல அந்தப் பொண்ணு எப்படி யோசிச்சுதுன்னு பாருங்க, ஏன்னா என் வழக்கே இதுலதான் இருக்கு. நம்ம சர்வர் லினக்ஸ். லினக்ஸுக்கு சிஆர்எல்எஃப் ஆகாது. இது ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுத்தது, நோட்டுலயும் இருக்கு. நான் இப்ப ஃபைலை உள்ள வைக்கறேன். கிட் சொல்லுது, எல்எஃப் சிஆர்எல்எஃப்-ஆக மாற்றப்படும்னு. என் டைரக்டரியில மட்டும் பழசு அப்படியே இருக்குமாம். அப்ப என்ன அர்த்தம்? என்கிட்ட நல்லது இருக்கும், சர்வருக்குக் கெட்டது போகும். ஐயய்யோ, நிறுத்து!

இதுல எந்த ஸ்டெப்பு தப்பு? எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லை. அந்த ரெண்டு வரியை வார்த்தை பிசகாம படிச்சா இந்த அர்த்தம்தான் வரும். நடந்தது நேர் தலைகீழ். உள்ள போனது நல்ல எல்எஃப். கிடங்குல ஒரு மண்ணும் மாறலை. பின்னாடி என்னைக்காவது கிட் அந்த ஃபைலை அந்தப் பொண்ணோட லேப்டாப்ல புதுசா எழுதும்போது, உதாரணத்துக்கு வேற பிராஞ்சுக்குப் போயிட்டுத் திரும்பும்போது, அங்க மட்டும் சிஆர்எல்எஃப்-ஆக எழுதும். அவ்வளவுதான் சங்கதி. அதை "மாற்றப்படும்"னு ஒத்தை வார்த்தையில சொன்னா யாருக்குங்க விளங்கும்?

அப்புறம் எல்லாரும் பண்றதைத்தான் அதுவும் பண்ணிச்சு. கூகுள்ல தேடி, கண்ணுல பட்ட தீர்வை எடுத்து, ஆட்டோசிஆர்எல்எஃப்-ஐ 'ஃபால்ஸ்'னு போட்டுடுச்சு. வார்னிங் போச்சு. நிம்மதி.

ஆனா அதுக்கு முன்னாடி, 'ட்ரூ'வா இருந்த காலத்துல இறக்கி வச்ச மத்த ஃபைல் எல்லாம் லேப்டாப்ல சிஆர்எல்எஃப்-ஆக உட்கார்ந்திருக்கு. இப்ப மொழிபெயர்ப்பாளரை வேலையை விட்டு அனுப்பியாச்சு. இனிமே கிட் எதையும் மாத்தாது, இருக்கறது இருக்கறபடி உள்ள போகும். ரெண்டு நாள் கழிச்சு, கன்டெய்னர் கிளம்பும்போது ஓடற ஷெல் ஸ்கிரிப்ட்ல ஒரே ஒரு வரி மாத்தச் சொன்னோம். மாத்தி, உள்ள வச்சு, புஷ் பண்ணியாச்சு. 60 சொச்சம் வரியும் சிஆர்எல்எஃப்-ஓட கிடங்குக்குப் போயிடுச்சு. அப்ப ஒரு வார்னிங்கும் வரலை. ஒரு சின்ன முனகல் கூட இல்லை.

எது ஆபத்தே இல்லையோ அதுக்கு 80 வரி கூப்பாடு. எது நிஜமாவே சர்வரைக் கவுக்குமோ அதுக்கு மௌன விரதம். முதல் கூப்பாட்டுக்குப் பயந்து எடுத்த நடவடிக்கைதான் ரெண்டாவதுக்கு வழி பண்ணிக் கொடுத்துச்சு.

இதுல இன்னொரு குற்றவாளி இருக்கான். அந்த மாற்றத்தை ரிவ்யூ பண்ணி சரின்னு சொன்ன மகானுபாவன் அடியேன். எனக்கு ரிவ்யூ பண்றப்ப 'ஒயிட்ஸ்பேஸை மறை'ங்கற டப்பாவைத் தட்டிட்டுப் பார்க்கற பழக்கம். வெறும் இடைவெளி மாற்றம் எல்லாம் கண்ணுல படாது, வேலை சீக்கிரம் முடியும். சிஆரும் அதோட சேர்ந்து மறைஞ்சிடும். எனக்குத் தெரிஞ்சது ஒத்தை வரி மாற்றம். டிக். அடுத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பில்டு. 8 மணிக்கு கிளையண்ட்டுக்கு டெமோ. கன்டெய்னர் எழுந்திருக்கவே மாட்டேங்குது. லாக்ல ஒரே வரி: ஸ்கிரிப்டோட பாதையைப் போட்டு, பக்கத்துல "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". அப்படி ஒரு ஃபைலே கிடையாதாம். உள்ள போய்ப் பார்த்தா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கு. பாதை சரி, அனுமதி சரி, பெரிய எழுத்து சின்ன எழுத்து சரி. டாக்கர்ஃபைலைப் பத்து தடவை படிச்சாச்சு. ஒருத்தர் பேஸ் இமேஜ் மாறிடுச்சோன்னாரு, இன்னொருத்தர் கேஷை அழிச்சுட்டுக் கட்டலாம்னாரு. ரெண்டரை மணி நேரம்ங்க.

கடைசியில யாரோ 'கேட் மைனஸ் ஏ' போட்டுப் பாருங்கன்னாங்க. போட்டா ஒவ்வொரு வரி முடிவுலயும் தொப்பி போட்ட ஒரு எம். அதான் நம்ம 13. ஸ்கிரிப்டோட முதல் வரியில எந்த நிரல் இதை ஓட்டணும்னு எழுதியிருக்கும் இல்லையா, அந்தப் பேரோட வாலைப் பிடிச்சுக்கிட்டு கண்ணுக்குத் தெரியாத 13. கெர்னல் 'பேஷ்'ஐத் தேடலை, 'பேஷ்-13'ஐத் தேடுது. அப்படி ஒண்ணு உலகத்துலயே இல்லை. ஆக, 'இல்லை'ன்னு சொன்னது நம்ம ஸ்கிரிப்டை இல்லை, அதை ஓட்டவேண்டிய ஆளை. ஆனா பேரைப் போட்டது ஸ்கிரிப்டை. இது கிட்டோட தப்பு இல்லை, ஆனா அதே குடும்பம்தான்.

'டாஸ்2யூனிக்ஸ்' ஓட்டினதும் ரெண்டு நிமிஷத்துல சரியாச்சு. டெமோ லேட். கால்ல எல்லாரும் இருக்காங்க. எங்க லீடு ஆரம்பிச்சாரு. "ஏம்மா, வார்னிங் வந்தா இக்னோர் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே? உன்னை யாரு கான்ஃபிக் எல்லாம் மாத்தச் சொன்னது?"

அந்தப் பொண்ணு சொன்ன பதில்: "சாரி சார். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வீக் சார். வார்னிங்கைத் தப்பாப் படிச்சுட்டேன்."

நான் மியூட்ல இருந்தேன். அன்மியூட் பண்ணி, "இல்லைங்க, ரிவ்யூ பண்ணினது நான், நானும்தான் கவனிக்கலை"ன்னு சொல்ல அஞ்சு செகண்ட் ஆகும். சொல்லலை. மணி பத்தரை, எல்லாருக்கும் பசி, விஷயம் முடிஞ்சா போதும்னு இருந்துட்டேன். அதுதான் நான் மேல சொன்ன உறுத்தல்.

திங்கட்கிழமை கேன்டீன்ல டீ குடிச்சுக்கிட்டு இருக்கறப்ப அந்தப் பொண்ணு நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. "அண்ணா, அந்த வார்னிங்கோட சரியான அர்த்தம் என்னண்ணா? எழுதி வச்சுக்கறேன்." நான் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். "அதாவதும்மா, எல்எஃப் வந்து..." அப்புறம் நிறுத்தினேன். மறுபடி ஆரம்பிச்சேன். மறுபடி நிறுத்தினேன். நாலு வருஷ அனுபவம், எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம், என்னால அந்த ரெண்டு வரிக்கு அர்த்தம் சொல்ல முடியலை! நாலு வருஷமா அந்த வார்னிங்கைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன், ஒரு தடவை கூட படிச்சதில்லை. எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் இருந்த வித்தியாசம் இங்கிலீஷ் இல்லை. அது படிச்சுது, நான் படிக்கலை.

அன்னைக்கு சாயங்காலம் ஒழுங்கா மேனுவலைப் பிரிச்சேன். அந்த எச்சரிக்கைக்குப் பின்னாடி நியாயமான காரணம் இருக்குங்க, அதையும் சொல்லிடறேன். 2008 வாக்குல சேஃப்சிஆர்எல்எஃப்னு ஒண்ணைக் கொண்டு வந்திருக்காங்க. நீங்க உள்ள வைக்கற ஃபைல்ல பாதி வரி எல்எஃப், பாதி சிஆர்எல்எஃப்னு கலந்து இருந்தா, கிட் எல்லாத்தையும் எல்எஃப் ஆக்கி, திரும்பக் கொடுக்கறப்ப எல்லாத்தையும் சிஆர்எல்எஃப் ஆக்கிடும். நீங்க கொடுத்தது அப்படியே திரும்ப வராது. டெக்ஸ்ட் ஃபைல்னா பரவாயில்லை. ஏதாவது படத்தையோ வேற பைனரி ஃபைலையோ கிட் தப்பா டெக்ஸ்ட்னு நினைச்சுக்கிட்டா, பைட்டு பைட்டா நாசமாயிடும். அதனால, 'நீங்க கொடுக்கறது அச்சு அசலா அப்படியே திரும்பி வராது, பார்த்துக்கங்க'ன்னு சொல்றதுதான் அந்த எச்சரிக்கையோட நோக்கம். நல்ல நோக்கம். அந்த நோக்கத்துல ஒரு வார்த்தையாவது அந்த ரெண்டு வரியில இருக்கா? போய்ப் பாருங்க. இல்லை.

நம்ம ரோட்டுல ஒரு எச்சரிக்கை இருக்கு. பைக்கோட சைடு ஸ்டாண்டை எடுக்காம போனீங்கன்னா, எதிர்ல வர்ற முகம் தெரியாத மனுஷன் கையைக் கீழ காட்டி "தம்பி, சைடு ஸ்டாண்டு!"ன்னு கத்திட்டுப் போவாரு. ரெண்டே வார்த்தை. எது, எங்க, என்ன பண்ணணும், எல்லாம் அதுலயே இருக்கு. கிட் அந்த ரோட்டுல வந்திருந்தா என்ன சொல்லியிருக்கும்? "உங்கள் வாகனத்தின் சமநிலை மாற்றப்படும். வாகனம் தற்போதைய நிலையிலேயே இருக்கும்."

செயப்பாட்டு வினையே இப்படித்தான். யாரு, எப்பங்கற ரெண்டையும் முழுங்கிட்டு ஏப்பம் விடாம நிக்கும். நம்ம ஊரு அறிவிப்புப் பலகை மொழி முழுக்க இதுதான்: அபராதம் விதிக்கப்படும், நடவடிக்கை எடுக்கப்படும். யாரால, எப்பன்னு எவனுக்கும் தெரியாது, அதனால எவனும் கண்டுக்கறது இல்லை. ஒரே விதிவிலக்கு, வீட்டு கேட்டுல "இங்கு வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்"னு எழுதியிருப்பாங்களே, அது. அங்க யாரு பிடுங்குவான்னு நமக்கு நல்லாத் தெரியும். திண்ணையில உட்கார்ந்து நம்மளையே பார்த்துக்கிட்டு இருப்பாரு.

கிட்டோட இந்த வியாதி இந்த ஒரு இடத்தோட நிக்கலை. 'கிட் ஸ்டேட்டஸ்' போட்டா "உங்க பிராஞ்ச் ஆரிஜினோட அப் டு டேட்"னு சொல்லும். சர்வர்ல அந்த நேரம் ஒன்பது கமிட் புதுசா வந்திருக்கும். பொய்யான்னு கேட்டா பொய் இல்லை. கடைசியா நீங்க ஃபெட்ச் பண்ணினப்ப பார்த்த நிலவரத்தோட ஒப்பிட்டுச் சொல்லுது, சர்வரைக் கேக்கவே இல்லை. மூணு நாள் முன்னாடி வாங்கின பேப்பரைப் பார்த்து இன்னைக்கு மழை இல்லைன்னு சொல்ற மாதிரி. அதைவிட மோசம், ரீபேஸ் பண்ணிட்டு புஷ் பண்ணினா மறுத்துட்டு, முதல்ல புல் பண்ணுங்கன்னு குறிப்பு கொடுக்கும். அதை நம்பி புல் பண்ணினா பழைய கமிட்டும் புதுக் கமிட்டும் ரெட்டைப் பிள்ளை மாதிரி வரிசையா வந்து நிக்கும். இந்தப் பள்ளத்துல நானே ரெண்டு தடவை விழுந்திருக்கேன், அதனால இதைப் பத்தி இதுக்கு மேல பேச விரும்பலை.

இதுக்கெல்லாம் சீனியர்கள்கிட்ட இருக்கற ஒரே மருந்து, "அதை இக்னோர் பண்ணு". எங்க லீடும் அதைத்தான் சொன்னாரு. இதுல எனக்கு ரொம்ப வருத்தம். அவரே வேற நாள்ல, "கம்பைலர் வார்னிங்கைக் கூட படிக்க மாட்டீங்களா"ன்னு காய்ச்சியிருக்காரு. எந்த வார்னிங்கைப் படிக்கணும், எதை விடணும்ங்கறது ஒரு ரகசியப் பட்டியல். யாரும் எழுதி வைக்கலை. அஞ்சு வருஷம் அடி வாங்கினவனுக்கு மட்டும் மனப்பாடம். முதல் மாசம் வந்தவங்க எல்லாத்தையும் படிச்சா பயந்தாங்கொள்ளி, எதையும் படிக்கலைன்னா பொறுப்பில்லை. ஒரு எச்சரிக்கையைப் பார்த்ததும் அனுபவசாலிகள் எல்லாரும் ஒரே குரல்ல கண்டுக்காதேன்னு சொல்றாங்கன்னா, அந்த எச்சரிக்கையைத்தான் திருத்தணும்.

அதோட நம்ம பசங்களுக்கு இன்னொரு பாரம். ஒரு வாக்கியம் புரியலைன்னா, வாக்கியம் சரியில்லையோன்னு தோணாது. எனக்கு இங்கிலீஷ் பத்தலைன்னுதான் தோணும். தமிழ் மீடியத்துல படிச்சு இந்தத் துறைக்கு வந்தவங்க கிட்ட நான் இதை நிறையவே பார்த்திருக்கேன். மூணு தடவை படிப்பாங்க, டிக்‌ஷனரி பார்ப்பாங்க, யாரையும் கேக்க மாட்டாங்க. கேட்டா மானம் போயிடும். ஆனா இந்த வாக்கியத்தைப் படிச்சு லண்டன்காரனும் அமெரிக்காக்காரனும் முழிச்சிருக்கான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோல இதைப் பத்தின கேள்விகள் வருஷக்கணக்கா கிடக்கு. அவங்க எல்லாரும் கூச்சமே இல்லாம, இது என்னய்யா உளறல்னு கேட்டாங்க. அரியலூர்ப் பொண்ணு சாரி சொல்லுச்சு.

அவங்க கேட்டுக்கிட்டே இருந்ததுல ஒரு நல்லதும் நடந்துச்சு. 2022-ல கிட்காரங்க அந்த வார்த்தைகளை மாத்திட்டாங்க. இப்ப வர்றதைத் தமிழ்ல சொன்னா: "இந்த ஃபைலோட உங்க கைப்பிரதியில், அடுத்த தடவை கிட் அதைத் தொடும்போது, எல்எஃப் இருக்கற இடத்துல சிஆர்எல்எஃப் வரும்." எங்கன்னு சொல்லியாச்சு, கைப்பிரதியில. எப்பன்னு சொல்லியாச்சு, அடுத்த தடவை தொடும்போது. யாருன்னும் சொல்லியாச்சு, கிட். ரெண்டு வரியா இருந்தது ஒரு வரியா ஆனதுதான் பெரிய வேடிக்கை. எங்க ஆபீஸ் லேப்டாப்ல ஐடி டிபார்ட்மென்ட் போட்டுக் கொடுத்திருந்தது 2021 பதிப்பு. புதுசு போடணும்னா டிக்கெட் போட்டு, அதுக்கு அப்ரூவல் வாங்கி... சரி விடுங்க, அந்தக் கதையை ஆரம்பிச்சா இன்னைக்குத் தூங்க முடியாது.

செவ்வாய்க்கிழமை ஸ்டாண்டப்ல நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். ரிவ்யூ பண்ணினது நான், டப்பாவைத் தட்டி மறைச்சுட்டுப் பார்த்தேன், அந்த வார்னிங்குக்கு எனக்கே அர்த்தம் தெரியலைன்னு. நாலு நாள் லேட்டுதான். லீடு ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "சரி, உங்கள்ல யாருக்காவது அதுக்கு அர்த்தம் தெரியுமா?"ன்னு கேட்டாரு. ஏழு பேர். ஆளுக்கொண்ணு சொன்னாங்க. அதுல ரெண்டு பேர் அந்தப் பொண்ணு புரிஞ்சுக்கிட்ட மாதிரியே சொன்னாங்க. லீடு சொன்னதும் தப்பு. அவரே சிரிச்சுட்டாரு.

நிரந்தரத் தீர்வு சின்னதுதான். ஒவ்வொருத்தர் லேப்டாப்லயும் என்ன அமைப்பு இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்கறதை விட்டுட்டு, கிடங்குக்குள்ளயே கிட்ஆட்ரிப்யூட்ஸ்னு ஒரு ஃபைல் வைக்கணும். அதுல டெக்ஸ்ட் எல்லாம் ஆட்டோ, ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாம் கட்டாயம் எல்எஃப், விண்டோஸ் பேட்ச் ஃபைல் எல்லாம் கட்டாயம் சிஆர்எல்எஃப்னு மூணு வரி. யார் லேப்டாப்ல ட்ரூ, யார்து ஃபால்ஸ்ங்கற பேச்சுக்கே இடமில்லை. ஏற்கெனவே உள்ள போயிட்ட கோளாறுக்கு 'கிட் ஆட் --ரீநார்மலைஸ்' ஒரு தடவை. எந்த ஃபைல் எப்படி இருக்குன்னு பார்க்க 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --இஓஎல்'. கிடங்குல என்ன, கையில என்ன, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டும். அந்த வார்னிங் செய்யவேண்டிய வேலையை இந்தக் கமாண்ட் சத்தமில்லாம செய்யுது, ஆனா யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கறது இல்லை.

இந்த வேலையை அந்தப் பொண்ணுகிட்டயே கொடுத்தோம். ரீநார்மலைஸ் பண்ணினதுல வேற ஸ்கிரிப்டும் ஃபைலுமா இன்னும் 11 கிடைச்சுது, எல்லாம் சிஆர்எல்எஃப். யார் உள்ள வச்சதுன்னு 'கிட் பிளேம்' போட்டுப் பார்த்துச்சு. ஆறு லீடோடது, ரெண்டு என்னோடது, மிச்சம் வேலையை விட்டுப் போனவங்களோடது. எல்லாம் அந்தப் பொண்ணு சேர்றதுக்கு முன்னாடியே வந்தது.

"இதை கமிட் மெசேஜ்ல எழுதணுமாண்ணா?"ன்னு கேட்டுச்சு.

வேணாம்மா, நம்பர் மட்டும் போடுன்னேன்.